தம்பியின் வாயை நேராக்கிய படம்

அந்தப் படத்தைத் திருத்தியபோது கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருந்தவர்கள் இவர்கள்தான். கணினிக்கு முன்னால், நாற்காலியில் முதுகு சாயாமல், பெரியக்கா. அவருக்கு வலப்பக்கம், வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு, தம்பியின் மருமகள். கதவோரம், வெள்ளை மேலங்கியைக் கழற்றக்கூட நினைவில்லாமல், தம்பியின் மகன். கடையில் கண் பரிசோதிப்பவன் அவன். மூலையில், கண்ணாடிச் சட்டங்கள் வந்த மரப்பெட்டியின்மேல், தம்பியின் மனைவி. வாசற்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக எதிர்க்கடை மருந்துக்காரர். வேறு யாரும் இல்லை. பிற்பாடு அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் ஒருவரும் அன்றைக்கு அந்தப் படியை மிதிக்கவில்லை.

தம்பி அங்கே இல்லை. தம்பியைக் காணவில்லை என்பதால்தான் மற்றவர்கள் அங்கே இருந்தார்கள்.

காலையில் லென்ஸ் பெட்டிகள் இறக்குவதற்காகப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். பெட்டிகள் உள்ளே வந்தன. தம்பி வெளியே போய்விட்டார். மாடியறையில் அவருடைய வீட்டுச் செருப்பு இல்லை. மாத்திரை டப்பா மட்டும் மேசைமேல் இருந்தது. பெரியக்கா அதை எடுத்துக்கொண்டு நேராக எதிர்க்கடைக்குப் போனார்.

“ரத்தம் கட்டாம இருக்கறதுக்குக் குடுக்கற மாத்திரை அக்கா அது,” என்று மருந்துக்காரர் சொல்லியிருந்தார். “இன்னிக்கு ஒரு வேளை தவறினாப் பரவால்ல. நாளைக்கும் தவறிச்சுன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

தெருவில் யார் வீட்டில் யாருக்குத் தும்மல் என்பதுவரை சொல்லிவிடுகிற மனிதர், ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றதுதான் பெரியக்காவை இன்னும் பயமுறுத்தியது.

போதாக்குறைக்கு இன்னொரு பயம். பக்கவாதம் வந்ததிலிருந்து தம்பிக்குப் பேச்சு குழறும். பெயரைக் கேட்டால் வாயில் வருவது வேறு எதுவோ. ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பார். தெரியாதவர் பார்த்தால் குடித்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவரை எவனாவது கழுத்தைப் பிடித்துத் தள்ளினால், விழுந்து தலையில் அடிபட்டால், அந்த மாத்திரை தின்கிறவருக்கு ரத்தம் நிற்காது என்றும் மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். தின்றாலும் ஆபத்து, தின்னாவிட்டாலும் ஆபத்து. இதையெல்லாம் பெரியக்கா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குரல் உடைந்துவிடும். அவர் குரல் உடைந்து அந்தக் குடும்பத்தில் எவரும் கேட்டதில்லை.

அந்தக் கடைக்கு ஒரு முகம் உண்டு. வாசற்பலகையில் ஆள் உயரத்துக்குத் தம்பியின் படம்: தங்க நிறச் சட்டமிட்ட கண்ணாடி, கருகருவென்று வாரிய தலை, கத்தரித்த மீசை, அதற்குக் கீழே அழுத்தமாக மூடிய வாய். தெருவில் வழி சொல்கிறவர்கள் “மீசைக்காரர் போர்டைத் தாண்டி ரெண்டாவது சந்து” என்றுதான் சொல்வார்கள். அந்த முகத்தை நம்பித்தான் மூன்று தெரு தள்ளியிருப்பவர்களும் கண்ணைக் காட்ட இங்கே வந்தார்கள். அந்த முகத்தால்தான் அந்தக் குடும்பம் தலை நிமிர்ந்து நடந்தது.

போன ஆண்டு வாதம் வந்தபோது கையும் காலும் ஓரளவு தப்பின. முகம் தப்பவில்லை. வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்துக் கண்ணிமை பாதிக்குமேல் திறக்காது. அன்றிலிருந்து தம்பி மாடியில் இருந்தார். கீழே வரவேண்டாம் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. சாப்பாடு, செய்தித்தாள், முடிவெட்டுகிறவர் எல்லாவற்றையும் மேலேயே அனுப்பினார்கள், அவ்வளவுதான். கேட்டவர்களுக்கு “ஓய்வுல இருக்காரு” என்று பெரியக்கா சொன்னார். அது பொய்யும் இல்லை.

காவல் நிலையத்தில் அண்மையில் எடுத்த படம் வேண்டும் என்றார்கள். அங்கேதான் சிக்கல். அந்த ஓராண்டில் தம்பியை யாரும் படம் எடுக்கவில்லை. மருத்துவருக்குக் காட்டுவதற்காக மருமகள் ஒரே ஒரு தடவை தன் போனில் எடுத்து, அதைக் கணினியில் போட்டு வைத்திருந்தாள். அந்தப் போன் இப்போது இல்லை. மழை ஈரத்தில் அவள் படியில் வழுக்கி விழுந்த அன்று, மணிக்கட்டோடு சேர்ந்து அதுவும் நொறுங்கியது. ஆக, தம்பியின் இப்போதைய முகம் உலகத்தில் இரண்டு இடத்தில்தான் இருந்தது. ஒன்று தம்பியிடம். இன்னொன்று அந்தக் கணினியில்.

பெரியக்கா கணினியில் படம் திருத்தக் கற்றுக்கொண்டதும் அந்த வழுக்கலால்தான். கடை விளம்பரங்களை மருமகள்தான் செய்துவந்தாள். கை முறிந்ததும் தள்ளுபடி விளம்பரம் பாதியில் நின்றது. வெளியே கொடுத்துச் செய்யலாம் என்றான் மகன்.

“நம்ம கடை முகத்தை எவன் கையிலயோ குடுத்து, அவன் மூக்கைத் தேய்ச்சு, காதைத் தேய்ச்சு... வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுப் பெரியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திரத்துக்கு அஞ்சுகிறவர் அல்ல.

ஆனால் அந்த வட்டத்துக்கு அஞ்சினார். பிரஷ் என்று மருமகள் சொன்னாள். திரையிலோ பிரஷும் இல்லை, மயிரும் இல்லை, காம்பும் இல்லை. ஒரு மெல்லிய வட்டம் மட்டும் மவுஸோடு நகர்ந்தது. முதல் நாள் விரல் தெரியாமல் அழுந்தியதில் கண்ணாடி போட்ட விளம்பர அழகியின் கன்னத்தில் தார் ஊற்றியதுபோல ஒரு கறுப்பு. பெரியக்கா கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“பிரஷ்தான் பெரியத்தை, கடிக்காது,” என்றாள் மருமகள். “அண்டூ போடுங்க. போயிடுச்சு பாருங்க.”

வட்டத்தைச் சின்னதாக்க ஒரு விசை, பெரிதாக்க பக்கத்து விசை. ஓரம் கூர்மையாக இருந்தால் வெட்டு தெரியும். மென்மையாக இருந்தால் புகைபோலக் கலந்துவிடும். நிறத்தின் அடர்த்தியைக் குறைத்தால் ஒரே இடத்தில் நாலைந்து தடவை தேய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். இதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டது. படாத பாடு படுத்தியது, ஓரிடத்தில் இருப்பதை எடுத்து இன்னோரிடத்தில் பூசுகிற குளோன் பிரஷ்தான். முதலில் ஒரு விசையை அழுத்திக்கொண்டு, எங்கிருந்து எடுக்க வேண்டுமோ அங்கே தொட்டுவிட வேண்டும். பிறகு தேய்க்கிற இடத்தில் வட்டமும், எடுக்கிற இடத்தில் ஒரு சின்னக் கூட்டல் குறியும் கைகோத்துக்கொண்டு ஓடும். கண்ணாடியில் விழுந்த ஃபிளாஷ் வெளிச்சத்தை அழிக்கும்போது பெரியக்கா வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டல் குறி அதுபாட்டுக்கு நகர்ந்து காதுக்குப் போய்விட்டது. அழகியின் கண்ணாடிக்குள் ஒரு காது முளைத்தது. மருமகள் மாவுக்கட்டுக் கையை வயிற்றில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். பெரியக்கா சிரிக்கவில்லை. மறுநாள் அந்தக் காதை ஒரு சுவடு இல்லாமல் எடுத்துக் காட்டினார்.

மருமகள் ஒரே ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாள். “அசல்ல கை வைக்காதீங்க பெரியத்தை. முதல்ல ஒரு நகல் லேயர் போட்டுக்கோங்க. அதுமேல என்ன வேணா பண்ணுங்க. அடியில அசல் பத்திரமா இருக்கும்.”

“அது கை நடுங்கறவங்களுக்கும்மா,” என்றார் பெரியக்கா.

இன்னொரு பழக்கமும் அவருக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை மின்சாரம் போய், அரை நாள் வேலை பாழானது. அதற்குப் பிறகு நாலு தேய்ப்புத் தேய்த்தால் இடது கை தானாகப் போய் சேவ் விசையை அழுத்தும். மூச்சு விடுவதுபோல அது நடக்கும், அவருக்கே தெரியாது.

இப்படிப்பட்டவர்தான் அன்றைக்குத் தம்பியின் படத்தைத் திறந்தார்.

படம் திரையில் விரிந்தது. கண்ணாடி இல்லாத முகம். நாலைந்து நாள் வெள்ளை முள்தாடி. தலைமுடி கலைந்து ஒரு பக்கம் எழும்பி நின்றது. சட்டைக் கழுத்தில் மருந்துக் கறை. வாயின் ஓரம் யாரோ நூல் கட்டிக் கீழே இழுத்ததுபோல இறங்கியிருந்தது. பாதி மூடிய கண் எதையும் பார்க்கவில்லை. மற்றக் கண் படம் எடுத்தவளை நேராகப் பார்த்தது.

“இதையா ஊர் முழுக்க ஒட்டறது?” என்றார் பெரியக்கா.

“இப்ப எடுத்ததுதான் வேணும்னாங்க பெரியத்தை,” என்றான் மகன்.

“இது இப்ப எடுத்ததுதானே. மூஞ்சியைத் துடைச்சுவிட்டா வேற ஆளா ஆயிடுவானா? வெளியே போறதுன்னா தலை வாராமப் போனவனா அவன்?”

பெரியக்கா பிரஷைச் சின்னதாக்கினார்.

முதலில் கறை போனது. பிறகு முள்தாடி. கன்னத்தின் நல்ல இடத்திலிருந்து எடுத்து எடுத்துத் தேய்த்தார். வட்டம் பட்ட இடத்தில் பயம் குறைந்தது. அதனாலேயே கை நிற்கவில்லை. வாய்க்கு வந்தார். படத்தை நன்றாகப் பெரிதாக்கினார். அவ்வளவு பெரிதாக்கியபின் அது வாயாகவே தெரியவில்லை, சிவப்பும் பழுப்புமாக வெறும் திட்டுகள். நல்ல பக்கத்து உதட்டைத் தொட்டெடுத்து, திருப்பிப் போட்டு, இறங்கிய பக்கத்தின்மேல் வைத்தார். ஓரத்தைப் புகைபோலக் கலந்துவிட்டார். இடது கை போய் சேவ் அழுத்தியது. கண்ணுக்கும் அப்படியே. தலைமுடியில் அடர்த்தி குறைந்த கறுப்பை மெல்ல ஏற்றினார்.

“அண்ணி,” என்றார் தம்பியின் மனைவி, பெட்டிமேல் இருந்தபடியே, மெதுவாக. “கண்ணு இப்பல்லாம் அவ்வளவு திறக்காது.”

“தெரியும்மா. திறந்தா எப்படி இருப்பான்னு ஊருக்குத் தெரியணும்ல.”



படத்தைச் சிறிதாக்கியதும் தம்பி எழுந்து நின்றதுபோல இருந்தது. பலகையிலிருந்த அதே மனிதர், கொஞ்சம் மெலிந்து. மகன் ஒரு நீண்ட மூச்சு விட்டான். தம்பியின் மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாதம் வர்றதுக்கு முன்னாடி இருந்த மாதிரியே இருக்காரு,” என்றார்.

“அக்கா,” என்றார் மருந்துக்காரர் படியிலிருந்து, “இந்த பிரஷை எனக்கும் ரெண்டு தேய்ப்புத் தேய்ச்சுவிடுங்க. இந்த வயசுல பொண்ணு பாக்கலாம்.”

அந்த நேரத்திலும் எல்லாருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அந்த அறையில் பயம் விட்டுப்போன ஒரே நேரம் அதுதான். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் திரையின் ஓரத்தில் லேயர்கள் தெரிகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு கட்டம்தான் அங்கே இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியக்கா படத்தைத் தள்ளுபடி விளம்பரத்தின் மஞ்சள் அமைப்பிலேயே பொருத்தி, மேலே காணவில்லை என்று போட்டு, கீழே கடையின் எண்ணைப் போட்டு, எல்லாவற்றையும் மூடிவிட்டார்.

அன்று மாலைக்குள் பேருந்து நிலையம், சந்தை வாசல், மருத்துவமனைச் சுவர் எல்லா இடத்திலும் தம்பி சிரிக்காமல், வாய் நேராக, நின்றுகொண்டிருந்தார்.

தொலைபேசி ஒலித்தது. பெரியக்கா பாய்ந்து எடுத்தார்.

“படிக்கற கண்ணாடிக்குமா தள்ளுபடி?” என்று ஒரு பெண் கேட்டாள்.

இன்னொரு தடவை ஒலித்தது. கடை இன்றைக்கு எத்தனை மணிவரை என்று ஒருவர். அதற்குப் பிறகு ஒருவர், “உங்க போஸ்டரைப் பாத்தேன், கண்ணுல புரை இருக்கு, வந்தா பாப்பீங்களா,” என்று விசாரித்தார். பெரியக்கா ஒவ்வொரு தடவையும் ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு, அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன நடக்கிறது என்று அவருக்கு மெல்லத்தான் புரிந்தது. அந்த முகத்தை ஊர் தினமும் பார்க்கிறது. அந்த மஞ்சளையும் போன வாரம்தான் பார்த்தது. பார்த்த முகம், பார்த்த மஞ்சள், பார்த்த எண். படிக்க என்ன இருக்கிறது என்று கடந்து போகிறார்கள்.

மறுநாள் காலை மகன் பேருந்து நிலையத்திலிருந்து வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. வந்தவன் பின்னறைக்கு நேராக வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்னடா?”

“அங்க பெருக்கற அம்மா சொல்றாங்க. நேத்து சாயங்காலம் ஒரு பெரியவர் பெஞ்சுல உக்காந்திருந்தாராம். வாய் ஒரு பக்கமா இழுத்துட்டு, வீட்டுச் செருப்பு போட்டுட்டு. தண்ணி கேட்டாராம், என்ன கேக்கறாருன்னே புரியலையாம். குடுத்தாங்களாம்.”

“எந்த பெஞ்சு?”



“நம்ம போஸ்டர் ஒட்டியிருக்கு பாருங்க, அதுக்கு நேர் கீழ. அவரு தலைக்கு மேல அவரு படம். நான் கேட்டேன், ‘ஏம்மா, மேல ஒட்டியிருக்கே, அவரா’ன்னு. ‘இவரு கடைக்காரரு, சிவப்பா, கம்பீரமா இருக்காரு. அது பாவம் எங்கயோ கெடந்த மனுஷன்’னு சொல்லுது. அப்புறம் ஏதோ வண்டியில ஏறிட்டாராம். எந்த வண்டின்னு பாக்கலையாம்.”

தம்பியின் மனைவி மரப்பெட்டியிலிருந்து எழுந்தார். எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். வாசற்படியில் நின்ற மருந்துக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததைப் பெரியக்கா பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பழைய படத்தை எடு,” என்றான் மகன், தன் மனைவியிடம். “திருத்தாதது. அதையே அடிச்சு எல்லா டிப்போவுக்கும் அனுப்பறேன்.”

மருமகள் இடது கையால் தட்டுத்தடுமாறிக் கோப்பைத் திறந்தாள். நேரான வாயோடு தம்பி வந்தார். வேறு பெயரில் இருக்கிறதா என்று தேடினாள். அழித்த கோப்புகள் போய்ச் சேரும் குப்பைத்தொட்டியில் தேடினாள். பெரியக்காவுக்கு அவள் எதைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. தேடினாலும் கிடைக்காது என்றும் தெரிந்தது. தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். அது வேறு யாருடைய கையோ போல இருந்தது.

“அசல்ல பண்ணிட்டீங்களா பெரியத்தை?” என்று மருமகள் கேட்டாள். குரலில் குற்றம் இல்லை. குற்றம் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“ஆமா.”

“அண்டூ?” என்றான் மகன்.

“மூடினா அதெல்லாம் போயிடும்,” என்றாள் மருமகள்.

தம்பியின் முகம் இரண்டு இடத்தில் இருந்தது. ஓரிடத்தை அவர் கையாலேயே துடைத்துவிட்டார். மற்றது எந்த ஊர்ப் பெஞ்சில் சாய்ந்து கிடக்கிறதோ.

“நகரு,” என்றார் மருமகளிடம். “நான் எடுத்ததை நானே வைக்கறேன். சொல்லு, முதல்ல என்ன பண்ணணும்?”

“நகல் லேயர்,” என்றாள் அவள்.

இந்தத் தடவை போட்டார். கோப்பை வேறு பெயரில் எழுதினார். முள்தாடி எளிதாக வந்தது: பிரஷை ஊசி முனையாக்கி, வெள்ளையை அடர்த்தி குறைத்து, புள்ளி புள்ளியாக. கை நடுங்கியது, முள்தாடிக்கு அந்த நடுக்கம் பொருந்தியது. தலைக்கு வெள்ளை ஏற்றினார். கண்ணிமையை இறக்கினார். வாய்க்கு வந்ததும் நின்றுவிட்டார்.

எந்தப் பக்கம் என்று தெரியும். எவ்வளவு என்று தெரியவில்லை. நேற்று அதைத் திட்டுதிட்டாகத்தான் பார்த்தார். அதற்கு முன்னால் ஓராண்டாகத் தினமும் மாலையில் தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துப் பேசியிருக்கிறார்.

“டேய், உங்கப்பா வாய் எப்படி இருக்கும்?”

“லேசா இறங்கியிருக்கும் பெரியத்தை. ரொம்ப இல்ல.”

“லேசான்னா?”

ஊரார் கண்ணையெல்லாம் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறவன் தரையைப் பார்த்தான்.

“நான் பாத்தே ஒரு வருஷம் ஆச்சுக்கா,” என்றார் மருந்துக்காரர். “மாத்திரையைக் கீழயே வாங்கிட்டீங்களே.”

தம்பியின் மனைவி எழுந்து வந்தார். திரைக்கும் பெரியக்காவுக்கும் பக்கத்தில், வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்றார். ஆள்காட்டி விரலைத் தன் வாயோரத்தில் வைத்துக் கீழே இழுத்தார். உதடு மடிந்து, கீழ்வரிசைப் பல் ஒன்று தெரிந்தது. கன்னம் சேர்ந்து இறங்கியது.

“இவ்ளோ அண்ணி,” என்றார். வாய் அப்படி இருந்ததால் சொல் குழறி வந்தது. தம்பி பேசுவதுபோலவே இருந்தது. மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அப்படியே நில்லும்மா,” என்றார் பெரியக்கா.

“விரல் மாதிரி ஒரு பிரஷ் இருக்கு பாருங்க,” என்றாள் மருமகள். “அது நிறம் பூசாது. இருக்கறதை இழுக்கும். ஈரச் சாயத்தை விரலால இழுக்கற மாதிரி. மெதுவா.”

பெரியக்கா அந்த விரலை எடுத்தார். தம்பியின் வாயோரத்தில் வைத்தார். அந்த வாய்க்கு அவர்தான் முதல் சோறு ஊட்டியவர். அம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பின் எழ முடியவில்லை. அதே வாயை இப்போது இழுத்தார். உதடு கொஞ்சம் இறங்கியது. வாதம் அன்றைக்கு வந்தது யாரும் பார்க்காத நேரத்தில். இன்றைக்குத் தன் விரலடியில், கண் முன்னால் மறுபடி வருவதுபோல இருந்தது. விட்டுவிட்டார். இழுத்தது போதாது என்று பக்கத்தில் நின்றவரின் முகம் சொன்னது. மறுபடி வைத்து இழுத்தார். கன்னத்தின் மடிப்பு கூடவே வந்தது. பல் தெரிகிற இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. எச்சில் ஒழுகுகிற கோடு மினுங்க ஒரு மெல்லிய வெளிச்சம். நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. இடது கை சேவ் விசையை நோக்கிப் போனபோது வலது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்தார்.

“இன்னும் கொஞ்சம்,” என்றார் தம்பியின் மனைவி, விரலை எடுக்காமல்.

“இதுக்கு மேல என்னால இழுக்க முடியலம்மா.”

“இழுங்க அண்ணி. அவரு அப்படித்தான் இருக்காரு.”

இழுத்தார்.

பிறகு எல்லாரும் சற்று விலகி நின்று பார்த்தார்கள். திரையிலிருந்து ஒரு நோயாளி அவர்களைப் பார்த்தார். பெரியக்கா சட்டையில் கறையையும் வைத்தார். மஞ்சளை எடுத்துவிட்டு வெறும் வெள்ளையில் படத்தைப் பொருத்தினார். கீழே, பேச வராது, குடித்தவர் அல்ல, மருந்து தவறினால் உயிருக்கு ஆபத்து என்று பெரிய எழுத்தில் அடித்தார். அந்தச் சொற்களை ஊர் படிக்கும் என்று தெரிந்தே அடித்தார்.

மகன் அதை எல்லாப் பேருந்துப் பணிமனைகளுக்கும் அனுப்பிவிட்டு, கையில் ஒரு கட்டோடு வெளியே ஓடினான்.

அன்று தொலைபேசி ஒலித்த ஒவ்வொரு தடவையும் மருமகள்தான் எடுத்தாள். பெரியக்காவால் எடுக்க முடியவில்லை. வெயில் தாழ்ந்தபோது ஒருவர் கூப்பிட்டார். வழித்தடத்தின் கடைசிப் பணிமனையில் பயணச்சீட்டுப் பரிசோதகர். “இந்த வாய்தான்,” என்றார். “நேத்து ராத்திரியிலேருந்து ஓய்வறையில படுத்திருக்காரு. குடிச்சிருக்காருன்னு விட்டுட்டோம். வாங்க சீக்கிரம்.”

மருந்துக்காரர் தன் கடையைப் பூட்டக்கூட இல்லாமல் மாத்திரையோடு வண்டியில் ஏறினார். பெரியக்கா முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். படுத்திருக்கிறார் என்ற சொல் அவர் காதை விட்டுப் போகவில்லை. படுத்திருக்கிறார் என்றால் எப்படி. கண் திறக்கிறாரா. கேட்டிருக்கலாம். கேட்க அஞ்சித்தானே போனைத் தொடவில்லை.

ஓய்வறையில் நீளமான இரும்புப் பெஞ்சில் தம்பி எழுந்து உட்கார்ந்திருந்தார். யாரோ தேநீர் கொடுத்திருந்தார்கள். பாதி சட்டையில் இருந்தது. மருந்துக்காரர் மாத்திரையைக் கொடுத்து, நாடி பார்த்து, “ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், ஆனா பயப்பட ஒண்ணுமில்ல,” என்றார். மருத்துவமனையிலும் அதையேதான் சொன்னார்கள்.

பெரியக்கா தம்பிக்கு எதிரே முழந்தாளிட்டு உட்கார்ந்து முகத்தைப் பார்த்தார். வரைந்ததைவிட வாய் இன்னும் சற்றுக் கீழேதான் இருந்தது.

“எங்கடா போன?”

தம்பி ஏதோ சொன்னார். பெரியக்காவுக்குப் புரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பாமல், அந்த வாயையே பார்த்தபடி, “இன்னொரு தடவை சொல்லு,” என்றார்.

“காத்து வாங்க,” என்றார் தம்பி.

இப்போது கடைத்தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. தம்பிக்கு உடம்பில் ஒன்றும் இல்லை என்றும், கடையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளப் பெரியக்காதான் கணினியில் அவர் வாயைக் கோணலாக்கிச் சித்தம் கலங்கியவராக ஊருக்குக் காட்டினார் என்றும் சொல்கிறார்கள். அது உண்மை அல்ல. வாய் அப்படித்தான் இருக்கிறது. தம்பி கடையின் முன்மேசையில், தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.